குழந்தையின் பால் பல் சொத்தையை எடுக்க எந்த முறை நல்லது?

நாலரை வயது மகளுக்குக் கீழ்க் கடைவாய்ப்பல் இரண்டில் சொத்தை. மூன்று மருத்துவர்களிடம் காட்டினால் மூன்று விதமாகச் சொல்கிறார்கள், எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒருவர் ஊசி போட்டு, டிரில்லால் முழுக்கச் சுத்தம் செய்து அடைக்கலாம் என்கிறார். இன்னொருவர் ஜெல் தடவிக் கையாலேயே சுரண்டிவிடலாம், அடியில் கொஞ்சம் விட்டுவைப்பேன் என்கிறார். மூன்றாமவரோ சொத்தையைத் தொடவே வேண்டாம், மேலே உலோகக் கேப் போட்டால் போதும் என்கிறார். முறைகளை ஒப்பிட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டாலும், உங்களை உண்மையில் உறுத்துவது வேறொன்று என்று நினைக்கிறேன். சொத்தையை உள்ளேயே விட்டு மூடுவது அரைகுறை வேலை ஆகாதா? குழந்தைகளுக்கான பல் மருத்துவத்தில் பல வருடங்களாக இருக்கிறேன். பெற்றோர் அதிகம் கேட்பதும் இதைத்தான். இதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டால் கருவிகளை ஒப்பிடுவது சுலபம்.

வாயில் உள்ள பாக்டீரியா சர்க்கரையை உண்டு அமிலத்தை வெளியிடுகிறது. அந்த அமிலம் பல்லில் உள்ள தாதுக்களைக் கரைக்கிறது. எனாமலைத் தாண்டி உள்ளே இருக்கும் டென்டினுக்குள் புகுந்ததும் சொத்தை ஏறக்குறைய இரண்டு அடுக்காக அமைகிறது. மேல் அடுக்கு ஈரமாக, குழைவாக இருக்கும். பாக்டீரியா மொய்த்துக் கிடப்பது இங்கேதான். டென்டினைத் தாங்கும் கொலாஜன் நார்களும் இங்கே சிதைந்திருக்கும், இனி அவை சரியாகாது. அதற்கு அடியில் உள்ள அடுக்கு தாதுவை இழந்து இளகியிருக்கும், நிறமும் மாறியிருக்கும். ஆனால் நார்கள் பெரும்பாலும் குலையவில்லை, பாக்டீரியாவும் மிகக் குறைவு. மேலேயிருந்து சர்க்கரை வருவது நின்றுவிட்டால், இந்த அடி அடுக்கு மறுபடி தாது ஏறிக் கெட்டிப்படும். உயிருள்ள பல் இதற்கு உள்ளிருந்தே உதவுகிறது: நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் பல்கூழ் தன் பக்கமிருந்து புது டென்டினைக் கட்டிக்கொண்டு பின்வாங்குகிறது.

என் ஆசிரியர்கள் காலத்தில் இந்த இரண்டு அடுக்கையும் சேர்த்தே எடுத்தார்கள். கருவி பட்டால் கறகறவென்று சத்தம் வரும் அளவுக்குக் கெட்டியான டென்டின் தட்டுப்படும்வரை தோண்டு என்பதுதான் பாடம். பெரியவர்களின் பல்லிலேயே இது சிக்கல்தான், பால் பல்லில் இன்னும் மோசம். பால் பல்லின் எனாமல் நிரந்தரப் பல்லில் உள்ளதில் பாதி கனம்தான் இருக்கும். பல்கூழோ பல்லின் அளவுக்குப் பெரிது, அதன் கொம்பு போன்ற முனைகள் மேலே ஏறி நிற்கும். முழுக்க எடுத்தே தீருவேன் என்று இறங்கினால், நன்றாக இருந்த கூழைக் கருவியே திறந்துவிடும். அதன்பின் அடைத்தால் மட்டும் போதாது, நரம்பு சிகிச்சையும் தேவைப்படும்.

இந்தப் பாடம் மாறியது ஏதோ ஒரு புதுக் கருவி வந்ததால் அல்ல. உள்ளே சொத்தை இருக்கும்போதே காற்றுப் புகாமல் மூடினால் என்ன ஆகிறது என்று பொறுமையாகப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நிரந்தரப் பற்களில் அப்படி மூடிப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வு 1998-இல் வெளிவந்தது. மூடி நன்றாக இருந்த பற்களில் சொத்தை முன்னேறவில்லை. இதுபோன்ற சான்றுகள் சேர்ந்து, பல நாட்டு நிபுணர்கள் கூடி 2016-இல் ஒருமித்த பரிந்துரைகளை வெளியிட்டார்கள். கெட்டியான டென்டின் வரும்வரை எல்லா இடத்திலும் தோண்டுவது தேவைக்கு மிஞ்சிய சிகிச்சை, இனி அது வேண்டாம் என்பது அதில் முக்கியமான ஒன்று. கூழுக்கு அருகில் போகும் ஆழமான குழியில் மென்மையான டென்டினையே விட்டுவைக்கலாம். ஆழம் குறைந்த குழியில் ஓரளவு உறுதியான டென்டின் வந்ததும் நிறுத்தலாம். ஆக, அடியில் கொஞ்சம் விடுவேன் என்று சொன்ன மருத்துவர் சோம்பலில் சொல்லவில்லை. இன்றைய பாடமே அதுதான்.

ஆனால் எங்கே விடுகிறார் என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. குழியின் சுவர்களிலும் விளிம்பிலும், அதாவது எனாமலும் டென்டினும் சேரும் ஓரத்தில், சொத்தை துளியும் இருக்கக் கூடாது. ஃபில்லிங் பல்லைப் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்த ஓரத்தில்தான். செய்யும்போது பார்த்தால் புரியும்: சிறு கரண்டி போன்ற முனையுள்ள கருவியை ஓரத்துக்கு அடியில் விட்டு வட்டமாக ஓட்டினால், குழைந்த டென்டின் பட்டை பட்டையாகக் கழன்று வரும். ஓரம் முழுக்கக் கருவி வழுக்கிப் போகும் அளவுக்கு உறுதியாகும்வரை அதை விடுவதில்லை. பிறகு குழியின் தரைப்பகுதிக்கு வந்ததும் கையை இளக்கிவிட வேண்டும். மேலே ஈரமாக இருப்பதை அள்ளிவிட்டு, அழுத்தினால் லேசாக உள்வாங்கும் அடுக்கு வந்ததும் நின்றுவிடலாம். நிறத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. கன்னங்கரேல் என்று இருக்கும் தரை கல்லாக இருக்கலாம், அதைத் தொட வேண்டியதில்லை. வெளிர் மஞ்சளாக இருப்பது குழகுழவென்று இருக்கலாம், அதுதான் வேகமாகப் பரவும் சொத்தை. சொத்தையைச் சிவப்பாகவோ நீலமாகவோ காட்டிக்கொடுக்கும் சாயங்களும் உண்டு. அவை நல்ல டென்டினையும் சேர்த்துச் சாயமேற்றி, தேவைக்கு மேல் எடுக்க வைத்துவிடுகின்றன. நான் அவற்றைப் பயன்படுத்துவதில்லை.

இதெல்லாம் பல்கூழ் நல்ல நிலையில் இருக்கும் பல்லுக்கு மட்டும்தான். குழந்தை ராத்திரி தூக்கத்தில் வலியால் எழுந்து அழுகிறாள், ஒன்றும் சாப்பிடாமலே தானாக வலி வருகிறது, ஈறில் கொப்புளம் தெரிகிறது, கன்னம் வீங்குகிறது, பல் ஆடுகிறது, எக்ஸ்ரேயில் வேர்கள் பிரியும் இடத்தில் எலும்பு கரைந்திருக்கிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் நான் இங்கே ஒப்பிடும் எந்த முறையும் பொருந்தாது. கூழின் மேல்பகுதியை எடுப்பது, வேர்க்குழாயைச் சுத்தம் செய்து நிரப்புவது, பல்லையே பிடுங்குவது என்று பேச்சு வேறு பக்கம் போகும். இனிப்போ குளிர்ச்சியோ பட்டால் சுருக்கென்று இருந்து, அது போனதும் உடனே அடங்கிவிடுகிறது என்றால் பெரும்பாலும் கூழ் பிழைத்துக்கொள்ளும் நிலைதான். எக்ஸ்ரே எடுக்காமல் இதை உறுதியாகச் சொல்ல முடியாது. உங்கள் மகளின் பற்கள் எந்தப் பக்கம் என்று இங்கிருந்தபடி என்னாலும் சொல்ல முடியாது. மூன்று பேரில் எக்ஸ்ரே பார்க்காமல் முடிவு சொன்னவர் யாராவது இருந்தால், அவர் சொன்னதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

இனி கருவிகள். டிரில் வேகமானது, எந்த மருத்துவரிடமும் இருப்பது. நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் வகை எனாமலைத் திறக்கத்தான். அதன் பிறகு மெதுவாகச் சுழலும் கைப்பிடியில் உருண்டை முனையைப் போட்டுச் சொத்தையை எடுப்பார்கள். சத்தம், அதிர்வு, தண்ணீர்ப் பீச்சல் மூன்றும் சிறு பிள்ளைகளை மிரட்டும். பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசியும் வேண்டும். கீழ்த்தாடைக்கு ஊசி போட்டால் உதடும் நாக்கும் சில மணி நேரம் மரத்துக் கிடக்கும். விளையாட்டாக உதட்டைக் கடித்துக் குதறிக்கொள்ளும் பிள்ளைகள் நிறைய, அதனால் உணர்வு திரும்பும்வரை பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். டிரில்லின் பெரிய குறை, நல்ல டென்டினும் கெட்ட டென்டினும் அதற்கு ஒன்றுதான். எங்கே நிறுத்துவது என்பது முழுக்கக் கையைப் பொறுத்தது. டிரில்லைக் கெட்டது என்று சொல்லவில்லை. அதை வைத்தே அளவோடு எடுப்பவர்கள் ஏராளம்.

கையால் மட்டும் சுரண்டி எடுத்து, கிளாஸ் அயனமர் சிமென்ட்டை விரலால் அழுத்தி அடைக்கும் முறை 1980-களின் நடுவில் தான்சானியாவில் உருவானது. மின்சாரமும் பல் மருத்துவ நாற்காலியும் இல்லாத ஊர்களுக்காக ஆரம்பித்தது, இப்போது வசதியான மருத்துவமனைகளிலும் குழந்தைகளுக்கு இதையே செய்கிறார்கள். ஊசி பெரும்பாலும் தேவைப்படாது, சத்தம் கிடையாது, வலியும் குறைவு. ஒரே ஒரு பரப்பில் உள்ள குழி என்றால் நன்றாக நிற்கிறது. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தாலும் பத்தில் ஒன்பதுக்கு மேல் சரியாக இருப்பதாக ஆய்வுகளின் தொகுப்புகள் காட்டுகின்றன. இரண்டு பற்கள் ஒன்றையொன்று தொடும் பக்கவாட்டில் சொத்தை என்றால் கதை மாறிவிடும். அந்த இடத்தில் அடைப்பது சீக்கிரம் உடைகிறது, மூன்றில் ஒன்று அதே இரண்டு ஆண்டுக்குள் போய்விடுகிறது. நாலு, ஐந்து வயதில் கடைவாய்ப்பல் சொத்தை ஆரம்பிப்பது பெரும்பாலும் இந்தப் பக்கவாட்டில்தான் என்பது சங்கடம்.

உங்களிடம் சொன்ன ஜெல் இரண்டு வகை. ஒன்று ஸ்வீடனில் இருந்து 1990-களின் கடைசியில் வந்தது. சோடியம் ஹைப்போகுளோரைட்டும் அமினோ அமிலங்களும் சேர்ந்தது, லேசாக பிளீச்சிங் வாடை வரும். மற்றது பிரேசிலில் இருந்து 2003 வாக்கில் வந்தது. பப்பாளியிலிருந்து எடுக்கும் பப்பாயின் என்ற நொதி உள்ளது. இரண்டும் ஏற்கெனவே சிதைந்த கொலாஜனை மட்டும் இன்னும் இளக்கும். நல்ல டென்டினைப் பெரிதாகத் தொடாது. ஜெல்லைக் குழியில் வைத்து அரை நிமிடம், ஒரு நிமிடம் காத்திருந்து, வெட்டாத முனையால் வழித்தெடுக்க வேண்டும். தெளிவாக வைத்த ஜெல் கலங்கி வரும். துடைத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். வைத்தது கலங்காமல் அப்படியே வந்தால் மேல் அடுக்கு முடிந்தது என்று அர்த்தம். டிரில்லைவிடப் பிள்ளைகள் இதைத் தாங்கிக்கொள்கிறார்கள், ஊசி தேவைப்படுவதும் குறைகிறது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகின்றன. நேரம் கூடுதலாகும் என்பதிலும் அப்படியே. நாலரை வயதுப் பிள்ளை வாயைத் திறந்து வைத்திருக்கும் நேரம் கொஞ்சம்தான், ஆகவே நேரத்தைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். ஜெல்லால் எடுத்ததால் ஃபில்லிங் அதிக நாள் நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அதற்கு உறுதியான சான்று இல்லை. அப்புறம், எனாமல் மூடியிருக்கும் சிறு ஓட்டைக்குள் ஜெல் போய் வேலை செய்யாது. அந்த ஓட்டையைப் பெரிதாக்க முதலில் டிரில்லையே தொட வேண்டியிருக்கலாம்.

லேசர் பற்றியும் விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் உறிஞ்சும் அலைநீளத்தில் வேலை செய்யும் எர்பியம் லேசர்தான் சொத்தைக்குப் பயன்படுவது. அதிர்வு இல்லை, ஊசியும் பலருக்குத் தேவைப்படுவதில்லை; ஆனால் பட்பட்டென்று வெடிக்கும் சத்தம் உண்டு, வேலை மெதுவாக நடக்கும், கருவி விலை எக்கச்சக்கம், அந்தச் செலவு உங்கள் கட்டணத்தில்தான் வந்து விழும். கிடைத்தால் சரி. இதற்காகத் தேடி அலைய வேண்டியதில்லை. அலுமினியம் ஆக்சைடுத் தூளை அழுத்தக் காற்றில் பீய்ச்சும் முறையும் இருக்கிறது. அது கெட்டியான பரப்பில் நன்றாக வெட்டும், குழைந்த சொத்தையில் எடுபடாது.

கேப் போடச் சொன்ன மூன்றாமவரிடம் வருவோம். ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்ற பொதுப் பல் மருத்துவர் பல வருடங்களாகச் செய்துவந்த முறை இது. அவருடைய பதிவேடுகளைப் பிற்பாடு ஆராய்ச்சியாளர்கள் அலசிப் பார்த்தபோதுதான் வெளியே தெரிந்தது. ஊசி இல்லை, டிரில் இல்லை, சொத்தையையும் எடுப்பதில்லை. பற்களுக்கு இடையில் சிறு ரப்பர் வளையத்தைச் செருகிச் சில நாள் விட்டு இடம் உண்டாக்கி, சரியான அளவு எஃகுக் கேப்பில் சிமென்ட்டை நிரப்பி, பல்லின் மேல் வைத்து அழுத்திக் கடிக்கச் சொல்வார்கள். கேட்டதும் எனக்கும் ஒப்பவில்லை. ஆனால் சாதாரண ஃபில்லிங்கோடு ஒரே குழந்தையின் வாயில் பக்கத்துக்கு ஒன்றாக வைத்துப் பார்த்த சோதனையில், ஐந்து ஆண்டு முடிவில் கூழ் கெட்டுப்போவது போன்ற பெரிய தோல்வி கேப் போட்ட பற்களில் 3 சதவீதம், ஃபில்லிங் வைத்தவற்றில் 16.5 சதவீதம். அதன் பிறகு வந்த தொகுப்பாய்வுகளும் இதே திசையில்தான் இருக்கின்றன. பால் கடைவாய்ப்பல்லின் பக்கவாட்டுச் சொத்தைக்கு இப்போது கையில் இருப்பதில் உறுதியான சான்றுள்ளது இதுதான். குறைகளும் உண்டு. கேப் வெள்ளியாகப் பளபளக்கும். வைத்த அன்று கடி கொஞ்சம் உயர்ந்து நிற்கும், சில வாரங்களில் தானாகச் சமனாகிவிடும். வைக்கும்போது அழுத்தம் தெரியும். சில பிள்ளைகள் அழுவார்கள். கூழ் ஏற்கெனவே கெட்டிருப்பதைக் கவனிக்காமல் மூடிவிட்டால் உள்ளே சீழ் கட்டும். அதனால்தான் எக்ஸ்ரேயை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்றைச் சேர்க்கிறேன், அடுத்த மருத்துவர் அதைச் சொல்லக்கூடும். சில்வர் டையமைன் ஃபுளோரைடு என்ற 38 சதவீதக் கரைசலைச் சொத்தையில் தொட்டு வைத்தால் போதும். வெள்ளி பாக்டீரியாவைக் கொல்கிறது, ஃபுளோரைடு டென்டினைக் கெட்டிப்படுத்துகிறது. ஆண்டுக்கு இரண்டு முறை வைத்தால் பால் பற்களில் ஏறக்குறைய ஐந்தில் நாலு சொத்தை நின்றுவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. குழி குழியாகவே இருக்கும், உணவு சிக்கும், சொத்தை இருந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். நாற்காலியில் உட்காரவே மறுக்கும் இரண்டு வயதுப் பிள்ளைக்கு இது பெரிய வரம். ஒத்துழைக்கும் நாலரை வயதுப் பிள்ளையின் கடைவாய்ப்பல்லுக்கு, நேரம் வாங்க உதவும் முதல் படியாகவே வைத்துக்கொள்வேன்.

இவ்வளவு சொன்ன பிறகு, எனக்கே தெளிவில்லாத இடத்தையும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் 3 முதல் 7 வயதுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்து, ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கவனித்து, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு ஊசி போட்டு எடுத்து அடைப்பது. இன்னொன்றுக்குச் சொத்தையை உள்ளே வைத்து மூடுவது. மூன்றாவதுக்கு அடைப்பதே இல்லை, துலக்குவதும் ஃபுளோரைடும் உணவுக் கட்டுப்பாடும் மட்டும். பல்வலியோ சீழோ வந்தவர்கள் முறையே 42, 40, 45 சதவீதம். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கேப்புக்கு இவ்வளவு நல்ல முடிவு காட்டிய ஆய்வுகளோடு இதை எப்படிப் பொருத்துவது என்பதில் எங்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. இந்தக் குழந்தைகளுக்குச் சாதாரணப் பல் மருத்துவர்கள் அன்றாடச் சூழலில் வைத்தியம் பார்த்தார்கள். சொத்தையை மூடும் குழுவிலும் எல்லோருக்கும் கேப் போடப்படவில்லை. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்று: வாயில் சொத்தை உண்டாக்கும் பழக்கம் மாறாவிட்டால் எந்த முறையில் அடைத்தாலும் அடுத்த பல் போகும். ராத்திரி படுக்கும் முன்பு பெரியவர் ஒருவர் தன் கையால் துலக்கிவிடுவது, 1000 பிபிஎம் (ppm, பத்து லட்சத்தில் 1000 பங்கு) அல்லது அதற்கு மேல் ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வைப்பது, சாப்பாட்டு நேரங்களுக்கு நடுவே இனிப்பும் ஜூஸும் தராமல் இருப்பது, இவை சிகிச்சையில் பாதி.

முழு மயக்கம் கொடுத்துச் செய்யலாமா என்ற பேச்சும் வரலாம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016 டிசம்பரில் எச்சரித்தது 3 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 3 மணி நேரத்துக்கு மேலோ, திரும்பத் திரும்பவோ தரும் மயக்கத்தைப் பற்றி. உங்கள் மகள் அந்த வயதைத் தாண்டிவிட்டாள். இருந்தாலும் இரண்டு பல்லுக்காக மட்டும், அதுவும் பிள்ளை ஒத்துழைக்கும்போது, முழு மயக்கம் அதிகப்படி. ஏழெட்டுப் பல் கெட்டிருந்து கூழும் போயிருந்தால் அது வேறு.

என் சாய்வு எந்தப் பக்கம் என்று இதற்குள் தெரிந்திருக்கும். வலி அறிகுறி எதுவும் இல்லை, எக்ஸ்ரேயில் சொத்தைக்கும் கூழுக்கும் நடுவே டென்டின் தெளிவாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சொத்தை பக்கவாட்டில் இருந்தால் மூன்றாமவர் சொன்ன கேப். கடிக்கும் மேற்பரப்பில் மட்டும் இருந்தால் இரண்டாமவர் வழி. அவர் ஜெல் வைக்கிறாரா வெறும் கையால் சுரண்டுகிறாரா என்பது அவ்வளவு முக்கியமில்லை. முதலாமவரை ஒதுக்கிவிடவும் வேண்டாம். ஆழமான இடத்தில் எங்கே நிறுத்துவீர்கள் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். ஓரத்தைச் சுத்தம் செய்து தரையில் கொஞ்சம் விடுவேன் என்றால் அவரும் அதே சிகிச்சையைத்தான் டிரில்லால் செய்யப்போகிறார், பேச்சில்தான் முழுவதும் என்று வந்துவிட்டது. இந்தப் பற்கள் பத்து, பதினொரு வயதுவரை இருக்க வேண்டியவை. விழப்போகிற பல்தானே என்று அப்படியே விட்டுவிடுவது மட்டும் வேண்டாம்.

எந்த வழியில் போனாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்டுங்கள். ஃபில்லிங் ஓரம் உடைந்திருக்கிறதா, கேப் தளர்ந்திருக்கிறதா, ஈறில் கொப்புளம் உண்டா என்று பார்ப்பார்கள். சொத்தையை உள்ளே விட்டு அடைத்திருந்தால், எந்தத் தேதியில் எந்தப் பல்லில் அப்படிச் செய்தார்கள் என்று எழுதி, அன்றைய எக்ஸ்ரேயோடு வாங்கி வையுங்கள். பின்னால் வேறொரு மருத்துவர் படம் எடுத்தால் ஃபில்லிங்குக்குக் கீழே கரிய நிழல் தெரியும். பழைய படம் கையில் இருந்தால் நிழல் வளர்ந்திருக்கிறதா, அப்படியே நிற்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். இல்லாவிட்டால் புதுச் சொத்தை என்று நினைத்து நல்ல ஃபில்லிங்கைத் தோண்டி எடுத்துவிடுவார்கள்.